பட்டினிக் கிருமிகளும் என் கையெழுத்தும்

தண்ணீர்ப் பரிசோதனை மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

பணி அனுபவம் எழுதுகிறவர்கள் முப்பது வருடம் வேலை பார்த்து, சால்வை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களாக இருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. இந்தத் திண்டிவனம் லேபில் ஆறு வருடம் இருந்தேன். வருகிற சனிக்கிழமையோடு போகிறேன். சாவியையும் ரிஜிஸ்டரையும் ஒப்படைக்கக் கால் மணி நேரம் போதும். இதை ஒப்படைக்கத்தான் மூன்று நாளாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிருமிக்குத் தீனியான மீடியா காய்ச்சுவது, அதை பிளேட்டில் ஊற்றுவது, சாம்பிள் பாட்டிலில் நம்பர் போடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் சுவரில் ஒட்டியிருக்கிறது. நான் சொல்ல வந்தது, நாம் தினமும் எழுதித் தள்ளுகிற இரண்டு வார்த்தைகளைப் பற்றி. நோ குரோத். எதுவும் வளரவில்லை. அந்த இரண்டு வார்த்தைகளை நம்பி ஒருவர் இருந்த இடத்திலேயே இருந்தார். செத்துப்போனார். கீழே இருந்த கையெழுத்து என்னுடையது.

என் ஊர் வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு காலனி. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் போகிறவர்கள். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான், முதலில் கல்லூரிக்குப் போனதும் நான்தான். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் அம்மா இடது கைக் கட்டைவிரலை மைப்பெட்டியில் தேய்த்துக்கொண்டு நிற்பாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு வெள்ளைத்தாளில் என் கையெழுத்தைப் போட்டு அவளிடம் காட்டினேன்.

"இதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டாள்.

"நான் சொல்றது நெஜம்னு அர்த்தம்" என்றேன்.

அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கிறது. எடுத்துவிடு என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

எம்.எஸ்சி.யில் என் புராஜெக்ட் என்ன தெரியுமா? பட்டினி கிடக்கும் பாக்டீரியா. சாப்பாடு நின்றுபோனால் ஒரு செல் எந்த மரபணுவை மூடுகிறது, எதைத் திறக்கிறது, எந்தப் புரதத்தைச் செய்கிறது. எட்டு மாதம் அதோடுதான் குடித்தனம்.

புரதம் செய்ய அமினோ அமிலம் வேண்டும். அது தீர்ந்துபோனால், ரைபோசோம் என்கிற புரதப் பட்டறைக்கு அதைச் சுமந்து வர வேண்டிய மூலக்கூறு வெறுங்கையோடு வந்து நிற்கும். அந்த வெறுங்கையைக் கண்டதும் செல்லுக்குள் ஓர் அபாயச் செய்தி பரவும். முதல் வேலையாகப் புதுப் பட்டறை கட்டுவது நின்றுபோகும், ஏனென்றால் செல்லின் வருமானத்தில் பெரும்பகுதியைத் தின்பது அதுதான். வளர்வதற்கான மரபணுக்கள் ஒவ்வொன்றாக அடங்கும். வேறொரு கூட்டம் திறந்துகொள்ளும். டி.என்.ஏ.வைச் சுற்றிப் பொத்திவைக்கிற புரதம், மருந்தின் அரிப்பைத் தாங்குகிற புரதம், உடைந்ததை ஒட்டவைக்கிற புரதம் என்று செய்ய ஆரம்பிக்கும். இருக்கிற ரைபோசோம்களை ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கட்டித் தூங்கவைப்பதற்கென்றே ஒரு புரதம் உண்டு. செல் சுருங்கிவிடும். ஆனால் சாகாது. காத்திருக்கும்.

வைவாவில் வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என்னிடம் கேட்டார்: "அப்படிப்பட்ட செல் ஒரு தண்ணீரில் இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

நான் தயங்கவே இல்லை. "சத்தான மீடியாவில் போட்டு, உடம்புச் சூட்டில் வைத்தால் எழாது சார். திடீரென்று கிடைக்கிற சாப்பாட்டை அதனால் தாங்க முடியாது. தூங்குகிற ரைபோசோம்களை எழுப்பி, அடங்கின மரபணுக்களைத் திறந்து, பழைய நிலைக்கு வர அதற்கு நாள் வேண்டும். சத்துக் குறைந்த மீடியாவில், மிதமான சூட்டில், ஏழு நாள் வைத்துப் பார்க்க வேண்டும்."

டிபார்ட்மென்டிலேயே முதல் மார்க் எனக்குத்தான். இந்தப் பதிலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விழுப்புரத்தில் ஒரு தனியார் டயாலிசிஸ் சென்டர். பெயர் வேண்டாம். அவர்களுடைய தண்ணீர் மாதம் ஒருமுறை நம்மிடம் வந்துகொண்டிருந்தது. சிறுநீரகம் போனவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினுக்கு ஆர்.ஓ.வில் வடிகட்டிய தண்ணீர்தான் போகும். அதில் உப்பு இல்லை, சத்து இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் குழாயில் ஒரு கிருமி உயிரோடு இருக்கிறதென்றால் அது பட்டினியில்தான் இருக்க வேண்டும். இதை இப்போது எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று அந்தச் சாம்பிளை நான் கேன் தண்ணீர், ஹோட்டல் தண்ணீர், ஹாஸ்டல் தண்ணீர் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே டிரேயில் வைத்தேன். சுவரில் ஒட்டியிருந்தபடி, சத்தான மீடியா, முப்பத்தேழு டிகிரி, நாற்பத்தெட்டு மணி நேரம். ஒரு வருடத்துக்கு மேல் ஒவ்வொரு மாதமும் நோ குரோத்.

படித்தது பரீட்சைக்கு, சுவரில் இருப்பது வேலைக்கு என்று இருந்துவிட்டேன். சுவரில் ஒட்டியிருந்த தாளை எழுதியவர் என்னைவிடத் தெரிந்தவராக இருப்பார் என்று நினைத்தேன். கேள்வி கேட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம் என்னைப் போன்ற வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு எப்போதும் உண்டு. உங்களில் ஒருவருக்காவது இது புரியும். புரிந்தவருக்கு ஒன்று சொல்கிறேன்: யார் என்ன சொன்னாலும் கேட்டுவிடுங்கள். கேட்காமல் காப்பாற்றிக்கொண்ட மரியாதையை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை.

முதல் எச்சரிக்கை ஒரு பொங்கல் விடுமுறையில் வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் சாம்பிள்களைப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். யாரோ கிளம்புகிற அவசரத்தில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சூடு கொடுக்கும் இன்குபேட்டர் அணைந்துவிட்டது. தை மாதக் குளிரில் பிளேட்டுகள் ஆறு நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, டயாலிசிஸ் சென்டர் பிளேட் இரண்டிலும் ஊசிமுனை அளவுக்குப் புள்ளிகள். வெளிறிய நிறம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

அப்போது என்னோடு ரெஜினா என்று ஒருத்தி வேலை பார்த்தாள். எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி, மொளப்பாரி போட்டு வச்சிருக்க?" என்றாள்.

"தெரியலடி. இன்குபேட்டர் ஆஃப் ஆயிருக்குது."

"லீவுல தூசு பூந்திருக்கும். கண்டாமினேஷன். தூக்கிப் போடு, ஜல்தி. சார் வந்தா யாரு ஆஃப் பண்ணதுன்னு ஒரே பேஜாரா பூடும்."

தூசு என்றால் டிரேயில் இருந்த எல்லா பிளேட்டிலும் விழுந்திருக்க வேண்டும். மற்ற பிளேட்டுகளில் இந்தப் புள்ளிகள் இல்லை. தூசில் பல வகைக் கிருமி இருக்கும், பூஞ்சை இருக்கும். இங்கே அத்தனை புள்ளியும் ஒரே அச்சு. இரண்டையும் கவனித்தேன். கவனித்துக்கொண்டே, கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டேன். புது சாம்பிள் கொண்டுவரச் சொல்லி, சுவரில் இருந்தபடி செய்து, இரண்டாம் நாள் நோ குரோத் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கண்டாமினேஷன் என்பது நிஜமாகவே நடக்கிற விஷயம்தான். ஆனால் நமக்குப் பிடிக்காத எதையும் அந்தப் பெயரில் கொதிக்கவைத்துக் கொன்றுவிடலாம். நாம் யாரும் எதையும் மறைத்ததாக ஆகாது.

மாசி மாதம் குமுதாக்கா போன் செய்தார். அந்த சென்டரில் டெக்னீஷியன் அவர். வீடு இங்கே திண்டிவனத்தில். தினமும் விடிகாலை பஸ்ஸில் விழுப்புரம் போகிறவர்.

"இன்னா தமிழு, தண்ணி ரிப்போர்ட்டு நல்லாதான வந்துது?"

"நல்லாதான் இருக்குதுக்கா. ஏன்?"

"ரெண்டு வாரமா ஆளுங்க ஒதர்றாங்க. மிசின்ல போட்டு ஒரு மணி நேரத்துல வெடவெடன்னு. இன்னிக்கு மட்டும் மூணு பேரு, கம்பளி போத்திக்கினு கெடக்குறாங்க. வூட்டுக்குப் போனா சரியாப் பூடுது."

"மிசின் கோளாறா இருக்கும்க்கா."

"மூணு பேருக்கும் வேற வேற மிசினு. தண்ணி ஒண்ணுதான்."

"தண்ணியில ஒண்ணும் இல்லக்கா. நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன் இல்ல."

"சரி. படிச்சவ நீ சொல்ற" என்று வைத்துவிட்டார்.

அவர் சொன்னது என்ன என்று யோசித்துப் பாருங்கள். நோயாளிகள் வேறு, மிஷின்கள் வேறு, பொதுவாக இருப்பது தண்ணீர். வைவாவில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பத்து நிமிடம் பேசியிருப்பேன். என்னைவிடக் குறைவாகப் படித்தவர் சொன்னதால் எனக்கு அது தகவலாகத் தெரியவில்லை, புகாராகத் தெரிந்தது. புகார் என்றதும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஞானப்பிரகாசம் அண்ணன் லேபுக்கே வந்தார்.

நம் தெரு முனையில் இப்போது செல்போன் கடை இருக்கிற இடத்தில் அவருடைய தையல் கடை இருந்தது. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவர். நம் லேப் கோட் எல்லாம் அவர் தைத்தவைதான். இரண்டு வருடமாக டயாலிசிஸ். கையில் ஊசி போடுகிற ரத்தக்குழாய் அடைத்துப்போய், கழுத்தில் டியூப் வைத்திருந்தார்கள். அதைச் சட்டைக் காலரால் மறைத்துக்கொண்டு, கவுன்டர் பக்கத்தில் நின்றார்.

"பாப்பா, நீதான அந்த வெழுப்புரம் தண்ணிய பாக்குற?"

"ஆமாண்ணே. குந்துங்க."

"குந்துனா எழுந்துக்க முடியாது. இருக்கட்டும். எனக்கு ரெண்டு வாட்டி ஒதறல் வந்துட்டுது. பல்லு அடிச்சிக்குது. பஸ்ல போம்போது ஒண்ணும் இல்ல, வூட்ல ஒண்ணும் இல்ல. அந்த நாற்காலில சாஞ்சாத்தான் வருது." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "பாண்டிச்சேரில வேற டயாலிசிஸ் எடத்துல சொல்லி வச்சிருந்தேன். இப்ப ஒரு எடம் காலியாம். திங்கக்கெழமைக்குள்ள வர்றேன் இல்லன்னு சொல்லிடணும், இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அங்கன்னா எங்கூட்டுக்காரியும் கூட வரணும், அவ மில்லு வேலைக்குப் போவ முடியாது. தண்ணி நல்லா இருக்குதுன்னா இங்கியே இருந்துக்குறேன். சந்தேகம்னா கஷ்டமோ நஷ்டமோ போயிடுறேன். நீ சொல்லு."

நான் ஃபைலை எடுத்து ரிப்போர்ட் நகலைக் காட்டினேன்.

"இங்கிலீசுல கீது. இன்னா போட்டிருக்குது?"

"ஒண்ணும் மொளைக்கலன்னு போட்டிருக்குதுண்ணே."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

என் கோட்டுப் பையின் மேல் நீல நூலில் அவர் தைத்திருந்த பெயரைப் பார்த்தார். தமிழ்ச்செல்வி. "அந்தப் பேர மூணு வாட்டி பிரிச்சி பிரிச்சி தச்சேன். ழ வளையவே மாட்டேன்னுட்டுது. லேப்ல நம்ம சனத்துப் புள்ள ஒண்ணு கையெழுத்துப் போடுதே, பேரு கோணலா இருக்கக்கூடாதுன்னு."

அந்த நேரத்தில் எனக்குப் பொங்கல் பிளேட் நினைவுக்கு வந்தது. பொய் சொல்ல விரும்பவில்லை, வந்தது. சாய்த்துப் பிடித்தால் தெரிகிற அந்த வெளிறிய புள்ளிகள். "தெரியலண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சந்தேகம் என்றால் போய்விடுகிறேன் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் எதிரில் நின்றவர் என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வெழுப்புரத்துலியே இருங்கண்ணே. தண்ணி சுத்தம்" என்றேன்.

"அது போதும் பாப்பா" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டே படி இறங்கினார்.

பங்குனியில் குமுதாக்கா மறுபடி போன் செய்தார். மூன்றாவது முறை வந்த நடுக்கம் ஞானப்பிரகாசம் அண்ணனுக்கு நிற்கவே இல்லை. காய்ச்சல் இறங்கவில்லை. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர்கள் ஒரு வாரத்துக்கு மேல் போராடிப் பார்த்திருக்கிறார்கள். கழுத்து டியூப் வழியாக ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது.

"ஞானப்பிரகாசண்ணன் போயிட்டாரு தமிழு. ரத்தத்த டெஸ்ட் பண்ணதுல, தண்ணியில இருக்குற வகைக் கிருமின்னு சொன்னாங்களாம்." அதோடு போனை வைத்துவிட்டார். நீ சொன்னாயே என்று கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் லீவு போட்டு விழுப்புரம் போனேன். குமுதாக்கா காட்டிய இடத்தில், குழாய் சுற்றி வந்து முடிகிற கடைசி முனையில் தண்ணீர் பிடித்தேன். சத்துக் குறைந்த மீடியாவை என் கையால் காய்ச்சி, பிளேட்டை இன்குபேட்டருக்கு வெளியே, மேல் அலமாரியில் துணி போட்டு மூடி வைத்தேன். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் ஒன்றும் இல்லை. அந்த நான்கு நாளும், இருக்கக்கூடாது, தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். செத்தவருக்காக அல்ல, எனக்காக. ஐந்தாம் நாள் ஊசிமுனைகள் வந்தன. ஏழாம் நாள் எண்ண முடியவில்லை.

குமுதாக்காவிடம் விளக்கிச் சொன்னேன். அந்தக் கிருமிகள் பட்டினியில் தம்மைச் சுருக்கிக்கொண்டவை. சென்டரில் குழாய்க்குள் மருந்து ஊற்றிக் கழுவும்போதுகூட, பட்டினியில் செய்துவைத்த புரதங்கள் அவற்றைக் காப்பாற்றியிருக்கும். நாங்கள் திடீரென்று சத்தையும் சூட்டையும் கொடுத்ததால் எழவில்லை.

"பட்டினி கெடந்தவனுக்குப் பிரியாணி போட்டுட்டு, எழுந்து வரலன்னதும் ஆளே இல்லன்னு எழுதிட்டீங்களா?" என்றார். அவர் சிரிக்கவில்லை.

நாம் அவற்றுக்கு இரண்டு நாள்தான் கொடுத்தோம். ஞானப்பிரகாசம் அண்ணனின் உடம்பு அவற்றுக்கு வேண்டிய நாளைக் கொடுத்தது.

பிளேட்டை எடுத்துக்கொண்டு, லேபை நடத்துகிற சாரிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. பிளேட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நமக்குக் குடுத்த முறைப்படிதாம்மா செஞ்சோம். பழைய ரிப்போர்ட்டத் தொட வேணாம். இனிமே டயாலிசிஸ் தண்ணிக்கு ஏழு நாள் முறைய வச்சுக்க" என்றார். இப்போது சுவரில் இரண்டாவதாக ஒட்டியிருக்கிறதே, அந்தத் தாள் நான் எழுதியது. சென்டரில் குழாயைப் பிரித்துப் புதிதாகப் போட்டார்கள். நடுக்கம் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வருகிற நேரம் பார்த்து, ஞானப்பிரகாசம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெரு. அவர் மனைவி லூர்துமேரி அக்கா கதவைத் திறந்தார். உள்ளே தையல் மிஷின் மேல் ஒரு பழைய புடவையைப் போர்த்தியிருந்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். பொங்கல் பிளேட், குமுதாக்கா போன், நான் சொன்ன வார்த்தை, ஏழாம் நாள் வந்தது.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஏழு நாள் வச்சிப் பாக்கணும்னு உனக்கு எப்ப தெரிஞ்சிது? அவரு போனப்புறமா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அது சுலபமாக இருந்திருக்கும்.

"இல்லக்கா. காலேஜ்லியே தெரியும்."

"பொஸ்தகத்துல இருந்துதா?"

"இருந்துது."

"பரிச்சைல கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொன்னேன். முதல் மார்க்கு குடுத்தாங்க."

"அப்ப எங்கூட்டுக்காரரு வந்து கேட்டப்ப மட்டும் ஏம்மா சொல்லல?"

கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு அவர் எழுந்தார். "எனக்கு மில்லுக்கு நேரமாவுது" என்றார். ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால்கூட நான் வேலையை விட்டிருக்க மாட்டேன். தவறு செய்தேன், முறையை மாற்றினேன், இனி யாருக்கும் ஆகாது என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். போன வருடம் பஸ் ஸ்டாண்டில் குமுதாக்கா என்னைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான்தான் கிட்டே போய் என்ன என்று கேட்டேன்.

"உங்க லேபுக்குத் தண்ணி அனுப்புறத நிறுத்திட்டாங்கமா. ஏழு நாள் ஆவுதாம். புதுசா ஒரு எடத்துல ரெண்டே நாள்ல குடுக்குறாங்க."

"எப்பிடிக்கா வருது ரிப்போர்ட்டு?"

"எப்பிடி வரும்? சுத்தமா வருது. மாசா மாசம் நோ குரோத்து."

சுகாதாரத் துறையில் எழுத வேண்டிய இடத்துக்கு எழுதினேன். சென்டருக்கு ஒருவர் வந்து பார்த்தாராம். சுவரில் மாட்டியிருந்த, புது லேபின் தண்ணீர்ச் சான்றிதழைப் பார்த்திருக்கிறார். சான்றிதழ் சரியாகத்தான் இருக்கிறது. அதில் கையெழுத்துப் போட்டிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. என்னைப் போலவே ஒருத்தியாக இருக்கலாம். அவள் வீட்டிலும் ஒரு தாள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கலாம். அவள் பொய் சொல்லவில்லை. அவளுடைய பிளேட்டில் நிஜமாகவே எதுவும் வளர்ந்திருக்காது.

இதற்கு மேல் ஒரு காகிதத்திலும் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. பள்ளிக்கூட மண்பானைத் தண்ணீர் ரிப்போர்ட்டுக்குக்கூட ஒரு மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சார் எத்தனை நாள் பொறுப்பார்? எங்கே போகப்போகிறாய் என்று நீங்கள் இருவரும் கேட்டீர்கள். தெரியவில்லை. இந்த வார்த்தையைச் சொல்ல இப்போது எனக்குக் கூச்சம் இல்லை, ஆனால் அது யாருக்கும் பயன்படாத நேரத்தில்தான் வந்தது. படித்ததற்காக நான் வெட்கப்படவில்லை. வல்லத்திலிருந்து இந்த மேசை வரைக்கும் வந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான். அந்தப் பெருமையைக் காப்பாற்ற ஒரு மனிதரை அந்த நாற்காலிக்கே திருப்பி அனுப்பினேன். இரண்டும் ஒரே ஆள்தான். பிரித்துப் பார்க்க முயன்றேன், முடியவில்லை.

கடைசியாக ஒரு வேலை. ரிஜிஸ்டரில் இதைத் தேடாதீர்கள், இருக்காது.

மேல் அலமாரியில், வெள்ளைத் துணிக்கு அடியில் இரண்டு பிளேட் இருக்கின்றன. சாம்பிள் நம்பர் இல்லை. குமுதாக்கா மாதம் ஒருமுறை சென்டரிலிருந்து வரும்போது, சாப்பாட்டுப் பைக்குள் நம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து தருகிறார். யாருக்கும் தெரியாது. அதற்கு ரிப்போர்ட் கிடையாது. போன மாதப் பிளேட்டில் மறுபடி புள்ளிகள் வந்தன. அவர் போய்ச் சொன்னபோது மேனேஜர் சான்றிதழைக் காட்டினாராம். மிஷினை நிறுத்தக் குமுதாக்காவால் முடியாது. நடுக்கம் வந்தவர்கள் காதில் மட்டும், "வேற எடம் இருந்தா பாருங்க" என்று சொல்கிறார். ஒருவர் போனார். மற்றவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

அந்த பிளேட்டுகளுக்கு ஏழாம் நாள் வரும்போது நான் இருக்க மாட்டேன். நீங்கள் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குமுதாக்காவின் போன் நம்பர் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதியிருக்கிறது. எதுவாக இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

இன்று நான்காம் நாள். காலையில் துணியை விலக்கிப் பார்த்தேன். இரண்டு பிளேட்டும் கண்ணாடிபோலச் சுத்தமாக இருக்கின்றன. நம்பாதீர்கள்.